ஜப்பானில் எங்களுக்கு ஆருமில்லை

எங்கள் குடும்பத்தில் ஒருவரும் தங்குவதற்கு இடம் தேடியதில்லை. பாரிஸுக்குப் போனால் சித்தி வீடு, லண்டனுக்குப் போனால் மாமா வீடு, சூரிச்சில் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கையின் வீட்டுச் சோபா. எந்த ஊருக்குப் போகிறோம் என்பதைவிட, யாரிடம் போகிறோம் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். ஆகவே அம்மாவை ஜப்பானுக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன் என்று சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வியை நான் எதிர்பார்த்திருந்தேன்.

“அங்க ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை அம்மா. ஹொட்டேல்லதான் நிக்கப் போறம்.”

அம்மா அதை நம்பவில்லை. இரண்டு நாள் தொலைபேசியில் விசாரித்து, எங்கள் வீட்டுக்குக் கிட்ட, அஜின்கோர்ட் சாப்பாட்டுக் கடையில் பழக்கமான ஒரு அன்ரியின் மருமகனோடு படித்தவர் நகோயாவில் இருப்பதைக் கண்டுபிடித்தார்.

“உவரோட போய் நிக்கலாமே?”

“அவருக்கு எங்களை ஆரெண்டே தெரியாதம்மா.”

“போனாத் தெரிஞ்சிடும்தானே.”

ஏன் ஜப்பான் என்று வேலையிடத்திலும் கேட்டார்கள். மலை, ஏரி என்று ஏதோ சொல்லி வைத்தேன். அங்கே எங்களுக்கு யாரும் இல்லை என்பதுதான் உண்மையான காரணம். பாரிஸுக்குப் போன இரண்டு கிழமையும் அம்மா சித்தியின் குசினியில் வெங்காயம் உரித்தபடி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹொட்டேல் ஒன்றில் பத்தொன்பது வருடம் அறை துப்புரவாக்கியவர் அவர். வலது தோள் இப்போது ஓரளவுக்கு மேல் உயராது. இன்னொருவர் விரித்த படுக்கையில் அவர் ஓர் இரவாவது படுக்க வேண்டும் என்று நினைத்தேன். வேறு பெரிய ஆசை எதுவும் எனக்கு இருக்கவில்லை. அப்பாவுக்கு விமானம் ஒத்துவராது. தான் வீட்டில் நிற்பதாக முன்பே சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மாவின் படிப்பு ஆறாம் வகுப்போடு, ஓர் இடப்பெயர்வில் நின்றுபோனது. ஒன்பது வயதிலிருந்து வீட்டுக்கு வந்த கடிதங்களையெல்லாம் நான்தான் வாசித்துச் சொல்லி வருகிறேன்: அரசாங்கக் கடிதம், வீட்டுக்காரரின் கடிதம், வைத்தியசாலைக் கடிதம். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஒரு வரி விட்டு வாசித்தேன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

ஆனால் ஜப்பானில் ஹொட்டேல் தேடிய மூன்று கிழமையும் வாசித்து வாசித்து நான் களைத்துப்போனேன். வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாசித்தேன், ரயிலில் வாசித்தேன், திரும்பி வரும்போதும் அதையே வாசித்தேன். ஹக்கோனேயில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு, ஃபூஜி மலை தெரிவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. கவாகுச்சி ஏரியின் வடகரையில் தண்ணீருக்கு மேலே ஃபூஜி மலை முழுதாகத் தெரியும், ஆனால் ரயில் நிலையம் தொலைவு. தென்கரையில் நிலையம் கிட்ட, ஆனால் ஏரியைப் பார்த்து நின்றால் மலை முதுகுப்புறம் போய்விடும். எங்கே நின்றாலும் முகில் வந்தால் ஒன்றும் தெரியாது. ஒருவர் காலைச் சாப்பாட்டைப் புகழ்ந்திருப்பார். அடுத்தவர் அதே சாப்பாடு ஆறிப்போய் வந்தது என்று எழுதியிருப்பார். கடைசியில் எல்லா அறைகளும் ஒரே அறையாகத் தெரியத் தொடங்கின. நான்கைத் தெரிந்தெடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மடிக்கணினியைக் குசினி மேசையில் வைத்தேன். அம்மா எதிரே இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார்.

முதலாவது அறையைக் காட்டினேன்.

“ஆறு தலகணி,” என்றார். “பாவம் அந்தப் பிள்ளை.”

“எந்தப் பிள்ளை?”

“உறை மாத்திற பிள்ளை.”

இரண்டாவதில் குளியலறைச் சுவர் முழுதும் கண்ணாடி. அதற்கு அப்பால் மலை, உச்சியில் பனி.

“உந்தக் கண்ணாடியில தண்ணிக் கறை பட்டா லேசில போகாது.”

“அம்மா, மலையைப் பாருங்கோ.”

“மலைக்கென்ன? அது தன்ர பாட்டில துப்புரவாத்தான் இருக்கு.”

மூன்றாவது தனி வீடு. பணியாளர் எவரும் வரமாட்டார்கள். போகும்போது நாங்களே கூட்டித் துடைத்து, குப்பையைப் பிரித்து வைக்க வேண்டும். அதை வாசித்ததும் அம்மாவின் முகம் மலர்ந்தது.

“உது நல்லம். ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை.”

பத்தாயிரம் கிலோமீற்றர் பறந்து போய் அம்மா கூட்டுமாறு எடுப்பதை நினைத்துப் பார்த்தேன். நான்காவதைத் திறந்தேன். வடகரையில் ஒரு பழைய ஜப்பானிய விடுதி. தரை முழுதும் பாய். பகலில் அறை வெறுமையாக இருக்கும். பின்னேரம் நாங்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் ஆட்கள் வந்து மெத்தை விரித்துவிட்டுப் போவார்கள். நிலத்தில் படுப்பதை அம்மா குறையாக நினைக்கவில்லை. ஒரு படத்தில், நரைத்த தலையோடு ஒரு பெண் முழங்காலில் இருந்து விரிப்பின் மூலையை இழுத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் வயதுதான் இருக்கும். அம்மாவின் கை பயற்றங்காயில் நின்றுவிட்டது.

“மூலை நல்லா வந்திருக்கு,” என்றார். பிறகு, “உவவோ எனக்கு விரிக்கப் போறா?”

“உவவோ, வேற ஆரோ. அது அவையின்ர வேலை அம்மா.”

“எனக்குத் தெரியாதே அது என்ன வேலை எண்டு? நான் ஹொட்டேலில நிண்டது காணும் பிள்ளை, போதும். நீ உன்ர கூட்டாளியளோட போயிட்டு வா.”

எங்கள் தமிழில் ஒரு வீட்டில் விருந்தாகத் தங்குவதும் நிற்பதுதான், வேலை செய்வதும் நிற்பதுதான். சிறுவயதில் அம்மா எங்கே என்று யாரும் கேட்டால் ‘ஹொட்டேலில நிக்கிறா’ என்றுதான் நான் சொல்வேன். தெரியாதவர்கள் எங்களைப் பணக்காரர் என்று நினைத்திருப்பார்கள். அன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. களைப்புத்தான் வந்தது. கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

“பத்தொன்பது வருசம் நிண்டியள். ஒரு நாளாவது படுத்தியளோ?”

“படுத்தா வேலையால நிப்பாட்டிப் போடுவாங்கள்,” என்று அம்மா சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: “ஒருக்காக் கட்டில் விளிம்பில குந்தினனான். தலை சுத்தினது. ரெண்டு நிமிசம் இருக்காது. எழும்பிப் போட்டு ஷீற் முழுக்க மாத்தினன்.”

“ஏன்?”

“நான் இருந்திட்டன்தானே.”

மூன்று கிழமை வாசித்த எதிலும் இது எழுதியிருக்கவில்லை. மடிக்கணினியை மூடப் போனேன். அம்மா கையை நீட்டித் திரையைப் பிடித்துக்கொண்டார்.

“பெயரைப் போடு. அந்த மனுசி விரிக்கட்டும். ஆனா காலமை நான்தான் மடிச்சு வைப்பன். அதுக்கு ஓமெண்டா வாறன். இல்லாட்டி நான் வரேல்லை.”

“ஓம் அம்மா.”

எங்கள் பெயர்களை நிரப்பினேன். கடைசிப் பக்கத்தில் விடுதியின் விதிகள் ஆங்கிலத்தில் இருந்தன. வழக்கம்போல ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னேன். சப்பாத்தை வாசலில் கழற்ற வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தக் கூடாது. வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்குமுன் உடம்பைக் கழுவ வேண்டும். அதற்கடுத்த வரியை எனக்குள் மட்டும் வாசித்தேன்: காலையில் படுக்கையை மடிக்க வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள், எங்கள் பணியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அம்மாவின் இரத்தப் பரிசோதனை முடிவு வந்த நாளில்கூட நான் ஒரு வரியும் விடாமல் வாசித்தவள்.

“வேற என்ன எழுதிக் கிடக்கு?”

“அவ்வளவுதான் அம்மா.”

பட்டனை அழுத்தினேன். அம்மா பயற்றங்காயைக் கழுவ எடுத்துக்கொண்டு எழும்பினார்.