கஞ்சிச் சட்டியும் கடல்பாசித் தட்டும்

மளிகைச் சீட்டைத் தவிர நான் எதையும் எழுதிப் பழகியதில்லை. படிப்பு பத்தாவதோடு நின்றது. நாலு பேர் நடுவில் பேசவே கூசுகிற நான், அதுவும் வயிற்றையும் மலத்தையும் பற்றி எழுத உட்கார்ந்தது அதிகப்படிதான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த வாரத்தில் நான் பார்த்ததை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாயால் சொல்ல வராது என்பதால் எழுதுகிறேன்.

ஆரணியில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் பட்டுத்தறி இருக்கிறது. குழித்தறி. என் கணவர் தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதித்து நெய்வார். போன மழைக்காலத்தில் அவருக்கு வயிறு கெட்டது. நாளாகியும் நிற்கவில்லை. சாப்பிட்டால் உப்பிக்கொள்ளும், உடனே ஓட வேண்டும். தறியில் உட்கார்ந்தால் தும்மல் வேறு. சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது.

என் மாமனார் வயிற்றுப் புற்றுநோயில் போனவர். அவருக்கும் முதலில் சட்டைதான் தொங்கியது. அந்த வார்த்தையை என் கணவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் மட்டும் கோபம் வரும்.

"போனா வாயில குழாய உடுவாங்க. எங்கப்பாவுக்கு உட்டது நான் கூட நின்னு பாத்தவன். நீ சும்மா இரு."

கண்ணமங்கலம் போகிற சாலையில் இயற்கை வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் இருப்பதாக எதிர்வீட்டு அக்கா சொன்னார். வயிற்றில் மண்பட்டி போடுவார்கள், சாறு கொடுப்பார்கள் என்றார். "மண்ணு பூசறதுதான, வரேன்" என்று இவர் கிளம்பினார்.

டாக்டரம்மா எங்களைவிட வயதில் சின்னவர். நாக்கைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், எடை பார்த்தார். பிறகு, "முதல்ல டெஸ்ட் எடுக்கணும்ண்ணா" என்றார்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "டெஸ்டு இல்லன்னு சொல்லித்தான இட்டுகினு வந்த?"

"மண்ணு பூசறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரிய வேணாமா?" என்றார் டாக்டரம்மா. "ஊசியும் இல்ல, குழாயும் இல்ல. டப்பாவுல மலம் மட்டும் கொண்டாங்க. மூணு வேற வேற நாள்ல எடுத்தது வேணும். கண்ணுக்குத் தெரியாம ரத்தம் கலந்திருக்கான்னு பாக்கணும்."

எதற்காகப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். சுவரைப் பார்த்துக்கொண்டார்.

பேச்சை மாற்றுவது போல டாக்டரம்மா தறியைப் பற்றிக் கேட்டார். குழியில் தண்ணீர் ஊறுமா, எவ்வளவு நேரம் உட்காருவார், இழை அறுந்தால் என்ன செய்வார் என்று. தறிப்பேச்சு என்றால் இவருக்கு உற்சாகம் வந்துவிடும். கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது டாக்டரம்மா எழுதியபடியே, "சரி, காலையில என்ன எடுத்துக்கறீங்க?" என்றார்.

"கஞ்சிங்க."

"எப்பக் காய்ச்சினது?"

"வாரத்துல ஒரு தபா சட்டியில காய்ச்சி வெச்சிக்குவோம்."

பேனா நின்றது. "ஒரு வாரமா? கெட்டுப் போகாதா?"

"மேல பூசணம் பூக்கும்ங்க. அத வெரலால தள்ளி உட்டுட்டு அடியில கீறத எடுத்துக்குவேன். ஒண்ணும் ஆவாது. எங்கப்பா காலத்துலேர்ந்து அப்டித்தான்."

டாக்டரம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து, வேறு வழியில்லாமல் நான் வாயைத் திறந்தேன். "அது பட்டு இழைக்குத் தடவற கஞ்சிங்க. வாய்க்கு இல்ல. காலையில இட்லிதாங்க துன்றாரு."

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இவருக்கு ரோஷம். "எடுத்துக்கறீங்கன்னு கேட்டா? தறியாண்ட இன்னா எடுத்துக்கறேன்னு நெனச்சேன். துன்றது இன்னான்னா, இட்லின்னு சொல்லிட்டுப் போறேன்."

சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். "அண்ணா, அந்தச் சட்டி எங்க இருக்கு?"

"குழிக்குள்ளங்க. காலாண்ட. ஈரத்துல இருந்தாத்தான் காயாது."

"நாள் பூரா அது பக்கத்துல உக்காந்துதான் மூச்சு விடறீங்க."

எங்கள் வீட்டில் கஞ்சி என்றால் முதலில் அந்தச் சட்டிதான். அதனால்தான் வார்த்தை அப்படித் தடுமாறியது. தடுமாறியிருக்காவிட்டால் சட்டியைப் பற்றி யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.

மூடி போட்ட இரண்டு சின்ன வட்டத் தட்டுகளைக் கொடுத்தார். உள்ளே மஞ்சளாக, ஆடாமல் எதுவோ உறைந்திருந்தது. "கடல்பாசிதான்க்கா. பூசணத்துக்குச் சாப்பாடு" என்றார். நோன்பு மாதத்தில் பக்கத்துத் தெருவிலிருந்து எங்களுக்குக் கடல்பாசி இனிப்பு வரும். அதே பாசியா என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றைத் தறிக் குழியிலும் ஒன்றைச் சமையலறையிலும் கொஞ்ச நேரம் திறந்து வைத்து, மூடிக் கொண்டு வரச் சொன்னார்.

மறுநாள் திறந்து வைத்துவிட்டு, சோறு வைத்து யாரையோ கூப்பிட்டிருப்பது போலப் பக்கத்தில் நின்றிருந்தேன். யாரும் வரவில்லை. தட்டு வைத்தபடியே இருந்தது. இதில் என்ன தெரியப் போகிறது என்று மூடினேன்.

தட்டுகளோடு முதல் டப்பாவையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனதைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். "நகைப் பொட்டி மாதிரி கட்டிப் புடிச்சிகினு வராத மே, எவனாவது அடிச்சிகினு போயிடப் போறான்" என்று இவர் கிண்டல் செய்தார். நோய் வந்த பிறகு அன்றுதான் கிண்டல் செய்தார்.

பரிசோதனை அறையில் இருந்த பெண் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் வைத்து மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். அவர் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்களும் பாருங்க" என்றார். குனிந்து ஒரு கண்ணை வைத்தேன்.

முதலில் வெளிச்சம் மட்டும். பிறகு அந்த வெளிச்சத்துக்குள் ஒரு ஊரே தெரிந்தது. மேடு, பள்ளம், துணுக்குகள், நிற்கிறவை, நகர்கிறவை. நடுவில் ஒன்று, மரத்திலிருந்து இலை விழுவது போலப் புரண்டு புரண்டு போனது. எங்கும் விழவில்லை. போய்க்கொண்டே இருந்தது. இருபது வருடமாகச் சோறு போடுகிறேன். அந்தச் சோற்றை யாரெல்லாம் சாப்பிட்டார்கள் என்று அன்றுதான் பார்த்தேன். பயம் வரவேண்டிய இடத்தில் கும்பிடத் தோன்றியது.

"அது ஒரு கிருமி. தண்ணியில வந்திருக்கும்" என்றார் டாக்டரம்மா. "இதுக்கு மண்பட்டி போதாது, மாத்திரை வேணும். அரசு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு தரேன். ஆனா ரத்தம் இருக்கா இல்லையான்னு மீதி ரெண்டும் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

போனில் எதிர்வீட்டு அக்கா காட்டியிருந்த இன்னொரு பரிசோதனையைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன். மூத்திரத்தை வெளியூருக்கு அனுப்பினால் உடம்பில் எவ்வளவு பூசண விஷம் என்று சொல்வார்களாம். டாக்டரம்மா மறுத்துத் தலையாட்டினார். "வேணாம்க்கா. அதை நம்பி ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. இந்தத் தட்டுகூட உங்க வீட்டுக் காத்தைத்தான் சொல்லும், அவர் ஒடம்பைச் சொல்லாது."

தெரியாததைத் தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

மாத்திரை வாங்கி, தண்ணீரைக் காய்ச்சிக் குடித்து, மீதி டப்பாக்களையும் கொடுத்தோம். இவர் வயிறு மெல்ல அடங்கியது. ஆனால் இரண்டு பேரும் வேறு ஒன்றுக்காகக் காத்திருந்தோம். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். போனோம்.

மேசை மேல் இரண்டு தட்டுகளும் இருந்தன. சமையலறைத் தட்டில் அங்கங்கே சில புள்ளிகள். குழித் தட்டில் கடல்பாசியே தெரியவில்லை. கிளிப்பச்சை, சாம்பல், ஓரத்தில் வெள்ளைப் பஞ்சு, அதன் மேல் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்பு. ஒவ்வொன்றும் வட்டம் வட்டமாக, நடுவில் ஒரு நிறம், கரையில் ஒரு நிறம். நான் பார்த்தபோது ஒன்றுமே இல்லாத காற்று அது. அதற்குள் இத்தனையும் இருந்திருக்கிறது.

இவர் மூடியோடு தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இந்தப் பச்சைய எந்தச் சாயக்காரனாலயும் போட முடியாது" என்றார்.

"சாயம் இருக்கட்டும்ண்ணா, தும்மலுக்கு இது காரணமா இருக்கலாம். சட்டியும் ஈரமும் போகட்டும், குறையுதான்னு பாப்போம்" என்றார் டாக்டரம்மா. பிறகு காகிதத்தைப் பிரித்தார். "வயித்துக்குக் காரணம் அந்தக் கிருமிதான். மூணுலயும் ரத்தம் இல்ல. மாத்திரைக்கு அப்புறமும் எடை ஏறலன்னா மட்டும் குழாய் விட்டுப் பாத்துடணும், அடம் புடிக்கக் கூடாது. இன்னைக்கே ஒரு கிலோ ஏறியிருக்கீங்க."

இவர் தட்டை மெதுவாக மேசையில் வைத்தார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தவர், ஆரணி நெருங்கும்போது, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"எங்கப்பாவுக்கு வந்த கேன்சரு இல்ல, இன்னா?"

"இல்லியாம்" என்றேன்.

மறுநாள் சட்டியைக் குழியிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு, குழிக்குச் சுண்ணாம்பு அடித்தோம். காய வேண்டும் என்பதால் தறி ஓடவில்லை. மதியம் அவர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.