கிரகோரி வெட்டிய வேலி

கோத்தா திங்கியில் பம்பளிமாஸ் தோட்டம் வைத்திருந்த அருளாயி என் பெரியம்மா மகள். புருஷன் செத்த பிறகு அந்தத் தோட்டம்தான் அவளுக்குச் சோறு போட்டது. சுற்றிலும் செம்பருத்தி வேலி. அதில் கூடு கட்டும் முசுறு எறும்புகள் மரமேறிப் புழுவைத் தின்றுவிடும். அதனால் அவள் வேலியில் கத்தி வைக்கவே மாட்டாள்.

1928இல் அவள் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அன்று காலை அவள் பூசைக்குப் போயிருந்தபோது, கொழுந்தன் கிரகோரி ஆள் வைத்து வேலியை வெட்டிக் கொளுத்திவிட்டான். மாப்பிள்ளை வீட்டார் வேட்டியில் எறும்பு ஏறிவிடுமாம். வந்தவர்களோ காப்பியைக் குடித்துவிட்டு, பெண் கறுப்பு என்று போய்விட்டார்கள்.

அடுத்த காய்ப்பு முழுக்கப் புழு. அந்தோணியார் திருநாளுக்கு வருஷா வருஷம் முதல் பழம் கொண்டுபோகிறவள், வெறுங்கையோடு போனாள். கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் கிரகோரி கேட்டான்:

"என்ன அண்ணி, சாமிக்கே பழம் இல்லையா? பழைய நேர்ச்சை ஏதாவது பாக்கி இருக்கும் லா, அதான் புழு."

அதைக் கேட்க அவனுக்கு எப்படித்தான் வாய் வந்ததோ. எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அருளாயி அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். தட்டில் உரித்து வைத்த சுளைகளில் புழு நெளிந்தது.

"சாப்பிடுங்க தம்பி. நீங்க சுத்தம் பண்ண தோட்டத்துப் பழம்தான்."

அவன் எழுந்து போனான். அவள் செம்பருத்திக் குச்சி ஊன்றப் போனாள்.