பின்சீட்டில் என் கணவர்

நாற்பத்தோரு வயதில் மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அதற்கு முன்னால் சைக்கிளைக்கூடத் தொட்டதில்லை.

ஒவ்வொருவர் கையிலாகச் செல்போன் வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. நாங்கள் முத்தியால்பேட்டையில் குடியிருந்தோம். பத்துக்கண்ணு என்ற ஊரைத் தாண்டி ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில் நான் ஆசிரியை. என் கணவர் பஞ்சாலையில் தறி ஓட்டியவர். வேலை பாதி நாள் இருந்தும் பாதி நாள் இல்லாமலும் போய்க்கொண்டிருந்தபோது மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது முழங்காலை உடைத்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது, முட்டி மட்டும் மடங்கவில்லை. எட்டு மாதம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பிறகு ஊசுட்டேரிப் பக்கம் ஒரு நர்சரியில், உட்கார்ந்தபடியே பைகளில் மண் நிரப்பி நாற்று நடும் வேலை கிடைத்தது. இருவருக்கும் ஒரே வழிதான். ஆனால் பஸ் படி அவருக்கு எட்டவில்லை. முதல் வாரமே இரண்டு முறை, அவர் காலைத் தூக்கி வைப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

"இனிமே நான் போவல," என்றார்.

அவருடைய மொபெட் துணி மூடி வாசலோரம் கிடந்தது. "நான் ஓட்டறேன். நீங்க பின்னாடி உக்காருங்க," என்றேன்.

"நீயா?" என்றார். சிரிக்கவில்லை. அந்தத் துணியை இழுத்தெடுத்தார். "நாளைக்குக் காலைல லாஸ்பேட்ட மைதானத்துக்குப் போலாம்."

வண்டியை நான் தள்ளிக்கொண்டு போனேன். அவர் ஆட்டோவில் வந்து மைதானத்தின் நடுவில் ஊன்றுகோலோடு நின்றார். "சக்கரத்தப் பாக்காத, தூரமாப் பாரு!" என்று கத்தினார். நான்கு முறை விழுந்தேன். முழங்கை தோல் உரிந்ததை முழுக்கை ரவிக்கையால் மறைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பன்னிரண்டாம் நாள் மைதானத்தை நிற்காமல் மூன்று சுற்று வந்தேன். லைசென்சுக்கு எட்டுப் போடச் சொன்னபோது என் முன்னால் இருந்த இரண்டு வாலிபர்கள் காலை ஊன்றிவிட்டார்கள். நான் ஊன்றவில்லை. இதைப் பின்னாளில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

முதல் நாள் எங்கள் தெருவைத் தாண்டுவதுதான் பெரிய பாடாக இருந்தது. புடவைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகி நான் முன்னால், காலை நீட்டி ஊன்றுகோலை மடியில் வைத்து அவர் பின்னால். டீக்கடையில் இருந்து ஒரு குரல் வந்தது: "என்னாண்ணே, பொண்டாட்டி பின்னாடி குந்திக்கினு போற?"

எனக்குக் காது சுட்டது. அவர் நிதானமாகச் சொன்னார்: "இத்தினி வருசம் ரோட்ட மட்டுந்தான்டா பாத்தேன். இப்பதான் ஊரப் பாக்கறேன்."

அது வெறும் பேச்சில்லை. நான் கண்ணைச் சாலையைவிட்டு எடுக்கமாட்டேன் என்பதால், பார்ப்பதையெல்லாம் என் தோளுக்குப் பின்னால் இருந்து சொல்லிக்கொண்டே வருவார். சித்திரை வெயிலில் ஏரி வற்றி, நடுவில் மாடுகள் மேய்ந்ததை அவர் சொல்லித்தான் அறிந்தேன். வழுதாவூர் சாலையில் புளியமரங்கள் துளிர்விட்டதையும் அப்படித்தான். ஆடிக் காற்றில் வண்டி பக்கவாட்டில் ஆடும்போது மட்டும் பேச்சு நின்றுவிடும். என் தோளைப் பிடித்துக்கொள்வார்.

ஐப்பசியில் ஒரு நாள் காலையிலிருந்தே அடைமழை. மதியம் பள்ளியை விட்டுவிட்டார்கள். நர்சரிக்குப் போனால், சாலையில் மரம் விழுந்து பஸ் எல்லாம் நின்றுவிட்டது என்றார்கள். இங்கேயே தங்கிவிட்டுப் போங்கள் என்று முதலாளி சொன்னார். இவர் என் முகத்தைப் பார்த்தார்.

"போலாங்க. மெதுவா போறேன்," என்றேன்.

ஏரிக்கரைச் சாலையில் பாதித் தூரம் வந்தபோது, ஒரு பள்ளத்தில் முழங்கால் அளவு தேங்கிய தண்ணீரில் எஞ்சின் நின்றது. எத்தனை மிதித்தும் கிளம்பவில்லை. ஒரு பக்கம் ஏரி கரை தொட்டுத் தளும்பியது. மறுபக்கம் வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. அப்போதுதான் பயந்தேன். என்னை நம்பி வந்தவரை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்?

அவர் இறங்கினார். ஊன்றுகோலை வண்டியில் கட்டிவிட்டு, பின்சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நீ தள்ளு. நான் வரேன்."

"முடியுமா?"

"முடியலன்னா சொல்றேன். தள்ளு."

நான் தள்ள, அவர் கம்பியைப் பிடித்தபடி வலது காலை இழுத்து இழுத்து வைத்தார். இருபது அடிக்கு ஒருமுறை நின்றோம். விழுந்த மரத்தைச் சுற்றி வயல் வரப்பில் இறங்கி ஏறினோம். மேட்டில் இருந்த மெக்கானிக் கடையை அடைந்தபோது மழை விட்டிருந்தது. கால் உடைந்த பிறகு அவர் வீட்டு வாசலைத் தாண்டி இத்தனை தூரம் நடந்ததே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து தொடையைப் பிடித்துக்கொண்டு, "நடந்துட்டேன் பாத்தியா?" என்றார். மெக்கானிக் பிளக்கைக் கழற்றித் துடைக்கும்வரை நான் வேறு பக்கம் திரும்பி நின்றேன். அழுததை அவர் பார்க்கக் கூடாது என்றுதான். பார்த்திருப்பார்.

மறுநாள் முதல் வீட்டுக்கு வரும் வழியில், கரையின் தொடக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொல்வார். கொஞ்ச தூரம் நடந்து வருவார், நான் முன்னால் போய்க் காத்திருப்பேன். மார்கழிக்குள் பாதிக் கரையை நடந்தே கடந்தார். அதற்குள் ஏரியில் நாமக்கோழிப் பறவைகள் கறுப்பாக மொய்க்கத் தொடங்கியிருந்தன. பெரிய அலகுள்ள கூழைக்கடா ஒன்று இறங்கியதை அவர் காட்ட, நானும் முதல்முறையாக வண்டியை விட்டு இறங்கி நின்று பார்த்தேன்.

தை பிறந்ததும் திண்டிவனத்தில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்கு மொபெட்டிலேயே போனோம். அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் மணந்தது. கிளியனூரில் டீ குடித்தோம். அண்ணன் வாசலுக்கு வந்து தெருவை எட்டிப் பார்த்தார்.

"எதுல வந்தீங்க?"

"இதுலதான்."

"மாப்பிள்ள ஓட்டிக்கினா வந்தாரு, அந்தக் காலோட?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "நான் எங்க ஓட்டனேன்? ஒங்க தங்கச்சிதான். ஒரு எடத்துலகூட காலு ஊனல," என்றார்.

அண்ணன் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அண்ணி உள்ளேயிருந்து ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இவர் திண்டிவனம் வரை வந்த வழியை, எந்தத் திருப்பத்தில் லாரி வந்தது, நான் எப்படி ஒதுங்கினேன் என்பது வரை, நடுக்கூடத்தில் நின்றபடியே சொல்லிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னதைக்கூடக் கவனிக்கவில்லை.