தங்கமணி மலேசியா போய் வந்தது

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் தங்கமணியின் வீட்டை விசாரித்தால் யாரும் சொல்லிவிடுவார்கள். சிப்காட்டில் அலுமினிய வார்ப்பு செய்யும் ஒரு சின்ன ஆலையில் அவளுக்கு முப்பது வருட வேலை. அச்சிலிருந்து வெளியே வரும் உதிரிபாகங்களின் ஓரங்களில் பிசிறு நிற்கும். அதை அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவி எடுக்க வேண்டும். அந்தப் பிரிவில் பதினான்கு பெண்கள் இருக்கிறார்கள். தங்கமணிதான் இப்போது அவர்களுக்கு லைன் லீடர். லீடர் ஆன பிறகும் அரத்தை அவள் கீழே வைக்கவில்லை.

பிறந்த ஊர் சாமல்பட்டி. வேலைக்கு வந்த இடத்தில் மெயின்டெனன்ஸில் இருந்த சாத்தூர்க்காரர் மாரிமுத்துவோடு பழக்கமாயிற்று. இரண்டு வீட்டாரும் முதலில் முறைத்தார்கள், பிறகு வந்து தாலி எடுத்துக் கொடுத்தார்கள். மகன் முத்துக்குமார் எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். மகள் தர்ஷினி கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள்.

மலேசியா என்ற பேச்சு வீட்டுக்குள் வந்தது முத்துக்குமார் ஏழாவது படிக்கும்போது. அந்த வருடம் ஆலைக்கு நல்ல ஆர்டர். முதலாளி ஆபீஸ் ஆட்களை மட்டும் நான்கு நாள் மலேசியா கூட்டிப் போய் வந்தார். திரும்பி வந்தவர்கள் பிசிறு எடுக்கும் பெண்களுக்குத் தலைக்கு இரண்டு சாக்லேட் கொடுத்தார்கள். டீ நேரத்தில் தங்கமணி, "நாமளும் ஒரு நாள் போவோம்டி" என்றாள். சூப்பர்வைசர் நாராயணப்பன் பக்கத்தில் நின்றிருந்தார்.

"எதுக்கு, அங்க போயி பிசிறு எடுக்கவா?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். தங்கமணிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்காலம் பிள்ளைகளிடம் சாக்லேட்டைக் கொடுத்துவிட்டு, அதே வாக்கியத்தைச் சொன்னாள். "நாமளும் ஒரு நாள் போவோம்." சாக்லேட் தாளை நாக்கால் நக்கிக்கொண்டே முத்துக்குமார், "நான் கூட்டிட்டுப் போறேம்மா" என்றான்.

அவன் சம்பாதிக்க ஆரம்பித்ததும் முதலில் அதைத்தான் செய்தான். நான்கு பேருக்கும் பாஸ்போர்ட் எடுத்து, டிக்கெட் போட்டு, பெட்டியும் வாங்கியாயிற்று. கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது கொரோனா வந்து ஊரே அடைத்தது. அடுத்த முறை நாள் பார்த்தபோது மாரிமுத்து ஜூஜூவாடி அருகே வண்டியிலிருந்து விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். பெட்டி பரண் மேல் ஏறியது. பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. தர்ஷினிக்கு மாசியில் கல்யாணம் என்று முடிவானதும் முத்துக்குமார்தான் மறுபடி ஆரம்பித்தான்.

"இப்ப போகலைன்னா, நாலு பேரா போறது இனிமே நடக்காதும்மா."

டிசம்பர் முதல் வாரத்துக்கு டிக்கெட் போட்டான். ஐந்து நாளுக்கும் மணிவாரியாகத் திட்டம் எழுதி ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தான். எந்தப் பையில் பாஸ்போர்ட், எந்தப் பையில் மாத்திரை, யாருக்குப் பின்னால் யார் நிற்பது என்பது வரை அதில் இருந்தது. மாரிமுத்து அதைக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்துவிட்டு, "எல்லாஞ் சரி, சோத்துக்கு எங்கன்னு போடலையே" என்றார். பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், ஒரு டப்பா முறுக்கு எல்லாம் அவர் பெட்டியில் ஏறின.

விடியற்காலையில் கிளம்பி, அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூரின் நெரிசலுக்கு முன்பே விமான நிலையம் போய்ச் சேர்ந்தார்கள். விமானம் ஏறும்போது தங்கமணி மாரிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மேலே போய் நேரான பிறகுதான் விட்டாள். தர்ஷினி அம்மாவை ஜன்னல் பக்கம் உட்கார வைத்திருந்தாள். கீழே மேகம் இருந்தது. பார்த்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

கோலாலம்பூரில் இறங்கி இமிக்ரேஷன் வரிசையில் நின்றபோது முத்துக்குமார் மறுபடி பாடம் எடுத்தான்.

"நான் முன்னாடி போறேன். எப்படி செய்றேன்னு பாத்துக்கோ. ரெண்டு ஆள்காட்டி விரலையும் அந்தக் கண்ணாடி மேல வைக்கணும். எதாச்சும் கேட்டா 'டூரிஸ்ட், ஃபைவ் டேஸ்'னு மட்டும் சொல்லு. வேற எதுவும் பேசாத."

"வேற பேச எனக்கு இன்னா தெரியும்?" என்றாள் தங்கமணி.

முத்துக்குமார் போனான். தர்ஷினி போனாள். மாரிமுத்து விரலை வைத்தார், விளக்கு பச்சையாயிற்று, அவரும் போனார். தங்கமணி வைத்தாள். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. கவுண்டரில் இருந்த முக்காடு போட்ட இளம்பெண் "பிரஸ், பிரஸ்" என்றாள். அழுத்தி வைத்தாள். அதற்கும் சிவப்புதான். பின்னால் வரிசை நீண்டது. அந்தப் பெண் எழுந்து வேறொரு அதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, தன் பின்னால் வரும்படி தங்கமணிக்குக் கை காட்டினார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் முத்துக்குமாரின் குரல் கேட்டது. "அம்மா! எதிலயும் கையெழுத்துப் போடாத! அங்கேயே இரு!" ஒரு காவலர் அவனை மேலே நடக்கச் சொன்னார். திரும்பி வரப் பார்த்தான், விடவில்லை.

போன இடம் நாற்காலிகள் போட்ட ஓர் அறை. காகிதக் கட்டுகளை வைத்துக்கொண்டு ஏழெட்டு இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் ஒரு வயதான பெண். நூல் புடவை, அதன் மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர், மடியில் துணிப்பை. சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். தங்கமணி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் தமிழில் கேட்டாள், புரியவில்லை. "யாவ ஊரம்மா?" என்று கன்னடத்தில் கேட்டாள். பதில் தெலுங்கும் கன்னடமுமாகக் கலந்து வந்தது. மூக்கண்டப்பள்ளித் தெருவில் தினமும் கேட்கும் பேச்சுதான் அது.

பெயர் சென்னம்மா. முல்பாகல் பக்கம், தக்காளித் தோட்டம். மகளுக்கு இங்கே குழந்தை பிறந்திருக்கிறது. தனியாக வந்திருக்கிறாள். விரல் ரேகை விழவில்லை. ஒரு மணி நேரமாக உட்கார வைத்திருக்கிறார்கள். போனில் சிக்னல் இல்லை. இதே விமானத்தில் திருப்பி அனுப்பிவிடப் போகிறார்கள் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள்.

"பயப்படொத்தம்மா. என் விரலும் விழல. ரெண்டு பேரும் ஒரே கேசுதான்" என்று தங்கமணி தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தாள்.

தங்கமணிக்கு உண்மையில் பயம் இல்லை. விரல் விழாதது அவளுக்குப் புதிதில்லை. அரமும் உப்புத்தாளும் மண்ணெண்ணெயும் சேர்ந்து நுனிவிரல்களை வழவழவென்று ஆக்கி வெகுகாலம் ஆகிறது. ரேஷன் கடையில் மாதாமாதம் இதே சிவப்பு விளக்கைப் பார்க்கிறாள். அங்கே எடை போடும் முனிவேல்தான் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தான். கையை நன்றாகக் கழுவி ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் வைத்த தலையில் விரலை இரண்டு தேய் தேய்த்து, நுனியை விட்டுவிட்டு விரலின் கீழ்ச்சதை படும்படி படுக்க வைக்க வேண்டும்.

பெயர் கூப்பிட்டார்கள். மேஜைக்கு முன் நின்றதும் தங்கமணி கை கழுவுவதுபோல நடித்துக் காட்டினாள். அங்கே உட்கார்ந்திருந்த அதிகாரி ஒரு நடுவயதுப் பெண். யோசித்துவிட்டுக் கழிவறையைக் காட்டினாள். தங்கமணி சுடுதண்ணீரில் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். வகிட்டில் விரலைத் தேய்த்தாள். அதிகாரி புருவத்தைத் தூக்கினாள்.

முதல் முறை சிவப்பு. இரண்டாவது முறை இடது விரல் விழுந்தது. வலது விரல்தான் பாடாய்ப் படுத்தியது, அரம் பிடிக்கிற கை அல்லவா. மறுபடி தலையில் தேய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு படுக்க வைத்தாள். ஐந்தாவது முறை பச்சை எரிந்தது. அதிகாரி "ஆ!" என்று அவளைவிடச் சந்தோஷப்பட்டாள். முத்திரை குத்தி, பாஸ்போர்ட்டை நீட்டி, வாசலைக் காட்டினாள்.

தங்கமணி போகவில்லை. மூலையில் இருந்த சென்னம்மாவைக் காட்டி, "சேம் சேம்" என்றாள். பிறகு முத்துக்குமார் சொல்லிக் கொடுக்காத இன்னொரு வார்த்தையும் நினைவுக்கு வந்தது. "ப்ளீஸ்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள். தலையசைத்தாள்.

சென்னம்மாவின் கையைத் தங்கமணியே கழுவிவிட்டாள். மண்ணும் தக்காளிச் செடியின் கறையும் ஏறிக் காய்த்துப்போன விரல்கள். துடைத்து, தலையில் தேய்க்கச் சொன்னாள். ஆனால் கிழவி காலையில் தலை குளித்திருந்தாள், பொட்டு எண்ணெய் இல்லை. தங்கமணி குனிந்து, அவள் விரலைப் பிடித்துத் தன் தலையிலேயே நன்றாகத் தேய்த்தாள். நாற்காலியில் இருந்த இளைஞர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாவது முறை விழுந்தது.

இருவரும் வெளியே வந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாரிமுத்து பெட்டிகளுக்குக் காவலாக நின்றிருந்தார். தர்ஷினியின் கண் சிவந்திருந்தது. முத்துக்குமார் ஓடி வந்தான்.

"என்னம்மா ஆச்சு? உள்ள விடவே மாட்டேங்கறாங்க, எவனும் எதுவும் சொல்லமாட்டேங்கறான்!"

"விரல் விழல. அப்பறம் விழுந்துடுச்சு."

"அதுக்கு இவ்ளோ நேரமா?"

"எனக்கு அப்பவே ஆயிப்போச்சு. இந்தம்மா தனியா உக்காந்து அழுதுக்கினு இருந்துச்சு. அதான்."

"உனக்கு முடிஞ்சதும் வர வேண்டியதுதானே? நாங்க இங்க என்ன ஆச்சோ ஏதாச்சோன்னு..."

"இவங்க மக வெளியில நிக்குதான்னு முதல்ல பாரு. அப்பறமா திட்டு" என்றாள் தங்கமணி.

சென்னம்மாவின் மருமகன் வாசலில் நின்றிருந்தான். கிழவி போகும்போது தங்கமணியின் கன்னத்தை இரண்டு கையாலும் தொட்டுவிட்டுப் போனாள்.

விடுதிக்குப் போகும் வண்டியில் தங்கமணி தலையில் விரல் தேய்த்த கதையைச் சொன்னாள், ரேஷன் கடை முனிவேல் சொல்லிக் கொடுத்த வழி என்றாள். பிறகு முத்துக்குமார் திரும்பிக் கேட்டான்.

"ரேஷன் கடையிலயும் உனக்கு இப்படித்தானா?"

"எப்பவும் இப்படித்தான்."

"எங்ககிட்ட சொன்னதே இல்லையே."

"இதுல சொல்றதுக்கு இன்னா இருக்கு? மாசாமாசம் நடக்கறது."

அவன் அவள் வலது கையை எடுத்து, விரல்களைத் தன் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். "கூச்சமா கீது, விடுடா" என்று அவள் இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது அவன் பேச்சைத் தொடங்கினான். இரவெல்லாம் யோசித்திருப்பான் போல. வேலையை விட்டுவிடும்படி சொன்னான். தர்ஷினியும் சேர்ந்துகொண்டாள்.

"விட்டுட்டு? வூட்ல உக்காந்து உங்கப்பாகூட ரிமோட்டுக்குச் சண்டை போடவா?"

"விளையாட்டுக்குச் சொல்லலைம்மா."

"நானும் விளையாட்டுக்குச் சொல்லல. அந்த லைன்ல எந்தப் பீசு எப்படி வரும்னு எனக்குத் தெரியும். போனாக்க பதினாலு பேரு என் மொகத்தப் பாப்பாங்க. எனக்கு அது புடிச்சிருக்கு. விடணும்னா நானே சொல்றேன், சரியா?"

மாரிமுத்து முட்டையை உரித்துக்கொண்டே, "அவ சொன்னாச் சொன்னதுதாம்ல. நீ சாப்பிடு" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் அன்றிலிருந்து முத்துக்குமார் அம்மாவுக்குப் பாடம் எடுப்பதைக் குறைத்துக்கொண்டான்.

இரட்டைக் கோபுரத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள். மலைக்குப் போகும் தொங்குவண்டியில் ஏறும் முன் மாரிமுத்து கம்பியை இழுக்கும் பெரிய சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "கிரீஸ் ஒழுங்கா வச்சிருக்கான். பயப்படாம ஏறலாம்" என்று சான்றிதழ் கொடுத்தார். வண்டி பனிமூட்டத்துக்குள் போனதும் தர்ஷினி அம்மாவின் தோளில் சாய்ந்தாள்.

"கல்யாணம் ஆனா இப்படி வர முடியுமாம்மா?"

"நீ கூப்புடு, நான் வரேன். அவரையும் கூட்டினு வா. பொட்டி தூக்க ஆள் வேணும்ல?"

தர்ஷினி சிரித்தாள். கொஞ்ச நேரம் அழுதாள் என்றும் சொல்லலாம். கீழே காடு மட்டும் தெரிந்தது.

நான்காம் நாள் திட்டத்தில் ஏழு இடங்கள் இருந்தன. மூன்றாவது இடத்திலேயே மாரிமுத்துவின் முழங்கால் வீங்கிவிட்டது. அவர் சொல்லவில்லை, நடையைப் பார்த்துத் தங்கமணிதான் சொன்னாள். முத்துக்குமார் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தான். "நாளைக்கு எதுவும் வேண்டாம். எழுந்திருக்கறப்ப எழுந்துக்கலாம்" என்றான்.

கடைசி நாள் காலை, பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முதல் ஷிப்ட்டுக்கு எழுந்தே பழகிய இருவருக்கும் படுத்திருக்க முடியவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுக் கீழே இறங்கினார்கள். மாரிமுத்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தார். இரண்டு தெரு தள்ளி, நடைபாதையில் மேஜை போட்ட ஒரு கடை. விரலைக் காட்டி இரண்டு டீ என்றாள் தங்கமணி. நுரை பொங்க உயரமான கோப்பையில் வந்தது.

"சீனியக் கொட்டிட்டான்" என்றார் மாரிமுத்து. ஆனாலும் முழுக்கக் குடித்தார்.

"நாம ரெண்டு பேரும் இப்படி வெளிய உக்காந்து டீ குடிச்சு எத்தினி வருஷம் இருக்குங்க?"

அவர் யோசித்தார். "தர்ஷினி பொறக்கதுக்கு முந்தி இருக்கும்."

போன் அடித்தது. முத்துக்குமார். "அம்மா, ரூம்ல ஆளக் காணோம்! எங்க இருக்கீங்க?"

தங்கமணி போனைக் கணவரிடம் கொடுத்தாள். "வெளிய வந்து சோத்தாங்கைப் பக்கம் திரும்பு. ரெண்டு தெரு. ஒரு சிவப்புத் தார்ப்பாய் தெரியும். மெதுவா வாங்க, அவசரமில்ல" என்று அவர் வழி சொன்னார்.

கலைந்த தலையோடு இருவரும் வந்து சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கடைக்காரர் மேஜையைத் தார்ப்பாய்க்குக் கீழே இழுத்துப் போட்டார். இன்னும் நான்கு டீயும் ரொட்டியும் சொன்னார்கள். மாரிமுத்து ஊறுகாய் டப்பாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தபோது தர்ஷினி மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். மழை விட ஒன்பது மணி ஆயிற்று. அதுவரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.