ஐந்து மோதகமும் கேட்காத கேள்வியும்

கிட்ட வந்து இருங்கோ, கதவால குளிர் காத்து வருது. மற்ற லோயர்மாரிட்டைக் கள்ளர் வருவினம்; எங்கட கந்தோருக்குப் பொலிஸ்காரர் வருவினம், அழப்போற முகத்தோட.

ஜெர்மனியில் பொலிசுக்கோ தாதிக்கோ வேலையில் ஒரு பிழை என்று விசாரணை வைத்தால், கூடப் போய்க் கதைக்கிறவ எங்கட சுகன்யா லோயர். நான் அங்கே கூட்டித் துடைத்து, கோப்பி ஊற்றி, பைல் தூக்குகிற ஆள். படிப்பு ஆறாம் வகுப்பு. காது மட்டும் நல்ல காது. ஒரு விசாரணைக் கடிதத்தைப் பிரித்துவிட்டு லோயரைத் தேடி ஓடின ஆக்கள் நீங்களும் இருப்பீங்கள், உங்களுக்குத்தான் இது.

பாஸ்

ஒருநாள் காலமை மணி அடித்தது. கதவைத் திறந்தால் முழு உடுப்போடு பொலிஸ். அகதியாக வந்து இறங்கின காலத்துப் பழக்கம், என்ர கை தானாகக் கைப்பைக்குள் போய் அடையாளப் பாஸைத் தேடுது. நான் இந்த நாட்டுப் பிரசையாகிக் கனகாலம். கைக்கு அது தெரியாது. வந்தவர் தொப்பியைக் கழற்ற, பார்த்தால் எங்கட பெடியன். நிரோசன் என்று பெயர், இங்கேயே பிறந்தவன். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"அன்ரி, பாஸ் வேண்டாம். கொஞ்சம் தண்ணி தாங்கோ," என்றான்.

இரண்டு கையாலும்

நடந்தது இதுதான். கோயில் தேருக்கு ரோட்டு மறிக்கிற வேலை அவனுக்கு. அருச்சனை முடித்து வந்த ஒரு வயதான மனுசி பிரசாதப் பையை நீட்டியிருக்கிறா. இங்கே பொலிஸ்காரர் கடமை நேரத்தில் ஒருவரிடமும் ஒன்றும் வாங்கக் கூடாது. இவனோ தொப்பியைக் கக்கத்தில் இடுக்கி, இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து நின்று திருநீறும் பூசுவித்திருக்கிறான். யாரோ படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்ப, அன்பளிப்பு வாங்கினார் என்று அவன்ர மேலதிகாரியிட்டை இருந்து விசாரணைக் கடிதம். இன்னும் இரண்டு மாதத்தில் வேலை நிரந்தரமாக வேண்டும். இது பைலில் ஏறினால் உடுப்பைக் கழற்றிக் கொடுக்க வேண்டியதுதான்.

பைக்குள் என்ன என்று சுகன்யா கேட்டா. பாதித் தேங்காய், இரண்டு வாழைப்பழம், ஐந்து மோதகம். கொண்டுபோய்ப் பொலிஸ் ஸ்டேசனில் எல்லாரும் தேத்தண்ணி குடிக்கிற குசினி மேசையில் வைத்துவிட்டுத் திரும்ப ரோட்டுக்குப் போனானாம். வேண்டாம் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்க, நிரோசன் தொப்பியை மடியில் வைத்தான்.

"அவ சாமியிட்டை இருந்து கொண்டு வாறா. அதை எப்பிடி அக்கா மறிக்கிறது?"

என்ர டப்பா

மோதகம் என்றால் என்னவென்று அந்த மேலதிகாரிக்குத் தெரியாமல்தானே இவ்வளவு கரைச்சல் என்று எனக்கு ஒரு யோசனை. விசாரணை நாள் வெள்ளென எழும்பி, இருபது மோதகம் அவித்து, டப்பாவில் அடுக்கி, பைல்களுக்கு நடுவில் ஒளித்துக்கொண்டு ரெயின் ஏறினேன். ஒரு கடி கடித்தால் மனிசன் மனம் மாறிவிடுவார் என்ற நம்பிக்கை. மணம் காட்டிக்கொடுத்துவிட்டது. சுகன்யா மூடியைத் திறந்து பார்த்து, மெல்ல மூடினா.

"அன்ரி, அவர் இதை வாங்கினால் பிறகு அவருக்கும் நான்தான் லோயராப் போகோணும்."

வெள்ளை உருண்டை

நான் வெளியே வாங்குப் பலகையில் குந்தியிருந்தேன். உள்ளே நடந்ததைப் பிறகு நிரோசன் சொன்னான். சுகன்யா அவனிடம் கேட்டது மூன்றே கேள்வி. பையை எங்கே வைத்தீர்? குசினி மேசையில். அதில் நீர் ஏதும் சாப்பிட்டீரா? இல்லை. திரும்பி வரும்போது என்ன மிச்சம்? தேங்காய் மட்டும். அதோடு நிறுத்திவிட்டு, தாளை மடித்து வைத்தாவாம். எதிரே கடிதத்தில் கையெழுத்து வைத்த மேலதிகாரி, காது சிவக்கப் பேனையை உருட்டிக்கொண்டிருந்தவர், தானே சொன்னாராம்:

"உள்ளே பயறு வைத்த வெள்ளை உருண்டை என்றால், அதில் இரண்டு நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது."

இனிக் கவனம் என்ற ஒரு வாய்ச்சொல்லோடு விசாரணை முடிந்தது. இரண்டு மாதத்தில் வேலையும் நிரந்தரமானது.

அன்றைக்குத் திரும்பி வரும்போது ரெயினில் சுகன்யாவின் தாளைப் பைலில் வைக்கப்போய்ப் பார்த்தேன். நாலாவது கேள்வியும் இருந்தது. அவ்வளவு ஜெர்மன் எனக்கும் வாசிக்க வரும்: யார் சாப்பிட்டது? அதன் குறுக்கே ஒரு கோடு. ஏன் வெட்டினீங்கள் என்று கேட்டேன். நாளைக்கும் நிரோசன் அந்தக் குசினியில்தானே தேத்தண்ணி குடிக்கவேணும் என்றா.

ஒரு கேள்வியை அவ்வளவு லேசாக விட்டுக்கொடுத்த சுகன்யா, எதிர் சீற்றில் இருந்த நிரோசன் என்ர டப்பாவுக்குக் கை நீட்டினபோது மட்டும், உடுப்போடு இருக்கிற ஆள் வாங்க ஏலாது என்று அதைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டா.