இரண்டாக வெட்டிய நாவல்

என் அலமாரியில் ஒரு நாவல் இரண்டு துண்டாக இருக்கிறது. முன்பாதிக்குப் பின்னட்டை இல்லை, பின்பாதிக்கு முன்னட்டை இல்லை. வெட்டியவர் நங்கை. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஊரே பேசுகிற புதுப் புத்தகம் எதுவானாலும் வாங்கிவிடுவார். தடியாக இருந்தால் காய் நறுக்கும் கத்தியால் முதுகைப் பிளந்துவிடுவார். அவர் முடித்த முன்பாதி, கோயமுத்தூர் கணபதியில் இருக்கும் அவர் வீட்டிலிருந்து கிணத்துக்கடவுக்கு, என் வீட்டுக்கு வந்து சேரும். "நான் முழுசா முடிக்கற வரைக்கும் நீ காத்துட்டு இருக்கோணுமா அம்மணி? ஆளுக்குப் பாதி, சண்டையில்லை" என்பார். பார்க்கிறவர்கள் பதறுவார்கள். நானும் முதலில் பதறினேன், பிறகு பழகிவிட்டது.

ஒரே ஒரு சட்டம் உண்டு. முன்பாதியை வரி விடாமல் முடிக்காதவர் பின்பாதியைத் தொடக்கூடாது. தாவிப் படித்தால் நாலு கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்.

விடியற்காலையில் எழுந்தால் வாழ்க்கையில் ஜெயிக்கலாம் என்று ஒரு புத்தகம் சக்கைப்போடு போட்டது. படித்துவிட்டு, "நாலு மணிக்கு எந்திரிச்சுப் பால் கறக்கறவங்கெல்லாம் என்னத்த ஜெயிச்சுப்போட்டாங்களாமா?" என்றார். கோயமுத்தூரில் நடக்கிற காதல் கதை ஒன்றுக்கு ஊரே உருகியது. "இத்தனை பக்கத்துல ஒருத்தராச்சும் ஏனுங்கன்னு கூப்புட்டிருக்காங்களா பாரு. இது எந்தக் கோயமுத்தூரோ!" எனக்கு அந்தக் கதை பிடித்திருந்தது, அழுதுகூட இருந்தேன். அதைச் சொல்லப் போய் போனில் ஒரு மணி நேரம் சண்டை. அந்தச் சண்டைக்காகத்தான் இத்தனையும் படித்தேனோ என்று இப்போது தோன்றுகிறது.

கடைசியாக வெட்டிய நாவல், கணவனை விட்டு வெளியேறும் ஒரு பெண்ணின் கதை. முன்பாதியைக் கொடுக்கும்போதே, "இவ மட்டும் திரும்பிப் போனாள்னு வையி, எழுதுன ஆளுக்குப் போன் போட்டு வைவேன்" என்றார். பின்பாதியில் கொஞ்ச தூரம் போயிருந்தார். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எழுத்தைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்றார். தலையணைக்குப் பக்கத்தில் பின்பாதி இருந்தது, நிறுத்திய இடத்தில் ஒரு ஹேர்பின். நான் வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

"உன்ற பாதி முடிஞ்சுதா?"

இல்லை என்றேன்.

"முடிச்சுப்போட்டு வா கண்ணு, நான் காத்திருக்கறேன். இல்லீன்னா உனக்குக் கதை கெட்டுப்போகும்."

அந்த நிலையிலும் என் கதை கெடக்கூடாது என்பதுதான் அவர் கவலை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் படித்தேன், அடுப்படியில் நின்றுகொண்டு படித்தேன். ஒரு வரியும் தாவவில்லை. மறுநாள் காலை பஸ் உக்கடம் வருவதற்குள் கடைசி வரியை முடித்துவிட்டேன். பெரிய சாதனை செய்தவள் மாதிரி ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

பின்பாதியை வெகுநாள் கழித்துத்தான் படித்தேன். அந்தப் பெண் திரும்பிப் போய்விடுகிறாள், அழுது, மன்னிப்பும் கேட்டுக்கொண்டு. அந்த முடிவைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நங்கை இருந்திருந்தால் ரெண்டு நாளைக்கு வைதிருப்பார், நானும் முதல்முறையாக அவர் கட்சியில் சேர்ந்திருப்பேன். அதற்குக் கொடுத்துவைக்கவில்லை. ஹேர்பின் இருந்த இடத்திலிருந்து ஒரு அத்தியாயமாவது வாசித்துக் காட்டியிருக்கலாம் என்ற ஏக்கம் இன்னும் அடங்கவில்லை.

போன வாரம் எல்லோரும் பேசுகிற இன்னொரு தடி நாவலை வாங்கினேன். நங்கையின் பழக்கம் எனக்கும் தொற்றியிருந்தது, கத்தியை எடுத்து முதுகில் வைத்துவிட்டேன். மறுபாதியை யாருக்கு அனுப்புவது? கத்தியைக் கழுவி எடுத்த இடத்திலேயே வைத்தேன். அந்த இரண்டு துண்டுகளுக்குப் பக்கத்தில் இதுவும் இருக்கிறது, முழுசாக. எடுத்துப் படித்தால் கை வலிக்கிறது.