கடைக்குள் விட்டு வந்த கூறை

எங்கள் கடையில் ஒரு கட்டளை இருந்தது: வாசல் காட்டாமல் துணி வெட்டக்கூடாது. முதலாளி அதை எங்கும் எழுதி ஒட்டவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒருதரம் சொல்வார். பிறகு மறந்தால் பார்ப்பார், அவ்வளவுதான். சேலைக்குப் பொருத்தமாக பிளவுஸ்துணி கேட்டு யார் வந்தாலும் ரியூப் லைற்றின் கீழே எல்லா நிறமும் பொருந்தின மாதிரித்தான் தெரியும். அதை நம்பக்கூடாது. சேலையையும் துணிச் சுருளையும் தூக்கிக்கொண்டு வந்தவர்களோடு வாசல் மட்டும் நடந்து, வெயிலில் பிடித்துக் காட்டி, அவர்கள் தலையாட்டிய பிறகுதான் கத்தரி. அந்த வாசலில் எந்த நேரம் எந்தப் படியில் வெயில் விழும் என்று இப்போது கேட்டாலும் சொல்லுவேன்.

எங்கள் கடை என்று பழக்கத்தில் சொல்கிறேன். நான் அங்கே பிளவுஸ்துணிப் பகுதியில் நாலு வருடம் நின்றவள், அவ்வளவே. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அப்பா கொழும்பில் எல்லாவற்றையும் விட்டுக் கப்பலில் யாழ்ப்பாணம் வந்து இறங்கியபோது நான் ஒன்பதாம் வகுப்பு. அடுத்த வருடம் பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டில் இருந்து இரண்டு வருடம் தையல் பழகி, எண்பத்தாறில் இந்தக் கடையில் சேர்ந்தேன். அரியாலையிலிருந்து சைக்கிள் ஓட்டம்.

யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு கடை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. கீழே சேலை, சப்பாத்து செருப்பு, கண்ணாடிச் சாமான், கொப்பி பென்சில். மரப்படி ஏறிப் போனால் மேலே தைத்த உடுப்புகள், விளையாட்டுச் சாமான், பயணப் பெட்டிகள். வெளிநாடு போகிற பிள்ளைகளுக்குப் பெட்டி வாங்க வருகிற தாய்மார் பெட்டியைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், எடுக்கமாட்டார்கள். படி ஏறி முடிகிற இடத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று. ஒன்றும் வாங்க வராதவர்களும் அதில் ஒருதரம் தங்களைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள். புதுத் தோலும் பூச்சி உருண்டையும் சேர்ந்த ஒரு மணம் கடை முழுக்க இருக்கும். வீட்டுக்குப் போனாலும் என் தாவணியில் அது இருந்தது.

நான் பயப்படாத பொருள் உலகத்தில் இல்லை. பூட்டின பூட்டைத் திரும்பப் போய்ப் பார்ப்பேன். மழை இருண்டால் சைக்கிள் வழுக்கும் என்று பயம், இருளாவிட்டால் கிணறு வற்றும் என்று பயம். எனக்கு அடுத்த பகுதியில், சப்பாத்துகளோடு, நாற்பது வயது அக்கா ஒருவர் நின்றார். அவருக்கு என் பயம்தான் பொழுதுபோக்கு.

"இவள் பஸ்ஸிலை இடப்பக்கம் இருந்தால் பஸ் இடப்பக்கம் கவிழும் எண்டு எழும்பி நிக்கிற ஆள்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். "வலப்பக்கம் இருந்தாலும் நிப்பாள்."

தொண்ணூறாம் ஆண்டு அண்ணைக்குக் கலியாணம் முற்றாகி, ஆவணியில் நாள் வைத்தார்கள். பெண் புத்தூர். எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை வீடுதான் கூறைச்சேலை எடுக்கும். கலியாணத்தன்று மாப்பிள்ளையின் தங்கை, அதாவது நான், தோழியாக அதைக் கொண்டுபோகவேண்டும். நாள் பார்த்துக் கூறை எடுத்தாயிற்று. அரக்கு நிறம், சரிகைக் கரை. அதோடு வந்த பிளவுஸ் துண்டு பெண்ணின் கைநீளத்துக்குப் போதாமல் இருந்ததால், வேறு துணி பொருத்தி வெட்டித் தையலுக்குக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையதாயிற்று.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இதற்கு முன் அண்ணைக்கு வந்த ஒரு சம்பந்தத்தை, சாதகம் எடுத்த நேரம் பல்லி சொன்னது என்று அம்மா வேண்டாமென்று விட்டவர். அண்ணை அப்போது ஒரு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை. புத்தூர்ப் பெண்ணை அவருக்குப் பிடித்திருந்தது. இதுவும் தவறினால் இனிக் கேட்கவேண்டாம் என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் கூறையைக் கடைக்குக் கொண்டுபோனேன். அன்று காலையிலிருந்தே நகரம் சரியில்லை. கிழக்கில் திரும்பச் சண்டை தொடங்கிவிட்டதாம் என்று சனம் கூட்டமாக நின்று கதைத்தது. முதலாளி மூன்று மணிக்கே கடையைப் பூட்டச் சொன்னார். முன்கதவுகள் பாதி இறங்கிவிட்டன. அந்த அவசரத்தில், நாலு வருடத்தில் முதல்தரமாக, வாசல் காட்டாமல் துணி வெட்டினேன். ரியூப் லைற்றின் கீழே கூறையும் துணியும் ஒரே நிறம். வெட்டிய துண்டைக் கூறையோடு வைத்து ஊசி குத்தி, எடுத்துக்கொண்டு புறப்பட மணி பார்த்தேன். மூன்று ஐந்து. செவ்வாய், மூன்று மணி. ராகுகாலம் தொடங்கிவிட்டது.

கலியாணக் கூறையை ராகுகாலத்தில் வீதியால் கொண்டுபோவதா? அம்மா அறிந்தால்? நாளைக்குப் புதன். பொன் கிடைத்தாலும் புதன் கிடையாது என்பார்கள். நாளைக்குக் கொண்டுபோவோம் என்று என் பகுதி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, பூட்டை இரண்டுதரம் இழுத்துப் பார்த்து, வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன்.

அந்தப் புதன் கிடைக்கவில்லை. மறுநாளே நகரத்துக்குப் போகவேண்டாம் என்று ஆட்கள் பாதியில் திருப்பினார்கள். பிறகு, கடைக்குக் கிட்டவே, ஆமி இருந்த கோட்டைப் பக்கம் சண்டை தொடங்கிவிட்டது. மேலே ஹெலிகொப்டர், கீழே ஷெல். பெரிய வீதிகளில் இருந்த கடைகள் எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தன.

அம்மா கேட்டார்: "கூறை எங்கை பிள்ளை?"

"தைக்கிற அக்காவிட்டைக் குடுத்திருக்கு."

"பிளவுஸ் தைக்கக் கூறை என்னத்துக்கு அங்கை?"

"கரை பாத்து வைக்கவேணுமாம்."

இப்படி ஒரு மாதம் சொன்னேன். கூறை தவறிப்போனது என்று அறிந்தால் அம்மா சேலையைப் பற்றிக் கவலைப்படமாட்டார். பெண்ணின் காலடி சரியில்லை என்பார். அதோடு முடிந்தது. வேறு கூறை எடுக்கவும் வழியில்லை. கொழும்பிலிருந்து துணி வருவதே நின்றுவிட்டது. இரவு படுத்தால் நித்திரை இல்லை. எது நடந்தாலும் பயப்படுகிறவள் நான். ஆனால் அந்த ஒரு மாதத்தில் எனக்கு ஒன்று விளங்கியது. பயந்துகொண்டு வீட்டில் இருப்பதும் பயந்துகொண்டு போவதும் ஒரே அளவு பயம்தான். போனால் கூறையாவது வரும்.

ஒரு வியாழக்கிழமை நல்லூர், கோண்டாவில் வழியாக இணுவிலுக்குப் போனேன். முதலாளி குடும்பத்தோடு அங்கே உறவினர் வீட்டில் இருந்தார். சவரம் செய்யாமல், இடுப்பில் கட்டின சாரத்தோடு. அப்படி நான் அவரைக் கண்டதில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"உனக்கு விசரே பிள்ளை?" என்றார். "நான் முழுக் கடையையும் விட்டிட்டு வந்து இருக்கிறன். நீ ஒரு சேலைக்குப் போறன் எண்டு நிக்கிறாய்."

"அது சேலை இல்லை ஐயா. அண்ணையின்ரை கலியாணம்."

"அதுக்கேன் அங்கை வைச்சனி? வீட்டை கொண்டு போறதுக்கென்ன?"

"ராகுகாலம் ஐயா."

அவர் என்னைப் பார்த்தார். பழைய பார்வை. பிறகு உள்ளே போய், சாவிக்கொத்திலிருந்து ஒரு திறப்பைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"முன்பக்கம் போகாதை. ஒழுங்கைக் கதவு. தனியப் போகக்கூடாது. அங்கை என்ன வேணுமெண்டாலும் எடுங்கோ, இனி அது ஆருக்கு? ஆனால் பூட்டிப்போட்டு வா."

யாரோடு போவது என்று யோசிக்கவேண்டியிருக்கவில்லை. சப்பாத்து அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவர் அடுப்படியில் இருந்து எழும்பாமலே கேட்டார்.

"ஆர், நீயோ? கோட்டைக்குப் பக்கத்திலையோ? ஷெல் வந்தால் இடப்பக்கம் நிப்பியோ வலப்பக்கம் நிப்பியோ?"

"நீங்கள் வராட்டி நான் தனியப் போவன் அக்கா."

அவர் அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "காலமை வாறன்" என்றார்.

வெள்ளிக்கிழமை விடியத் தொடங்கிய ஷெல்லடி பத்து மணிக்குத்தான் ஓய்ந்தது. புறப்பட்டோம். வீதியில் சனம் இல்லை. தந்திக் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. ஒரு மாடு நடு வீதியில் படுத்து அசை போட்டது. குறுகின ஒழுங்கைகளால் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடையின் பக்கக் கதவடிக்கு வந்ததும் அக்கா என் கையைப் பிடித்து மணிக்கூட்டைப் பார்த்தார்.

"வெள்ளி, பத்தே முக்கால். நல்ல ராகுகாலம். திரும்பிப் போவமோ?"

பகிடிக்குத்தான் கேட்டார். மணிக்கூட்டைக் கழற்றிச் சைக்கிள் கூடைக்குள் போட்டேன்.

"ராகு வந்தால் உள்ளுக்கை வந்து லைற் பிடிக்கட்டும்" என்றேன். அக்கா சிரித்துவிட்டார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார், அந்த ஒழுங்கையில் சிரிப்பு அவ்வளவு சத்தமாகக் கேட்டது.

உள்ளே ஒரே தூசி. கூரையில் ஓரிடம் விழுந்து, மேல்தளத்திலிருந்து ஒரு தூண் மாதிரி வெளிச்சம் மரப்படியில் இறங்கியது. கண்ணாடிச் சாமான் பகுதி முழுக்க நொறுங்கிக் கிடந்தது. காலை வைத்தால் நெறுநெறு என்றது. ஆனால் மேலே அந்த ஆளுயரக் கண்ணாடி உடையாமல் நின்றது. படியடியில் நின்றபடி அதில் என் தலையைக் கண்டு நானே திடுக்கிட்டேன். மணம் மாறவில்லை. தூசிக்கு அடியில் தோலும் பூச்சி உருண்டையும் இருந்தன. அந்த மணத்தில் கால் தானாக என் பகுதிப் பக்கம் திரும்பியது. நான் வேலைக்கு வந்திருக்கிறேன் என்று உடம்பு நினைத்துக்கொண்டது போலிருக்கிறது.

அலுமாரித் திறப்பு என்னிடம் இருந்தது. திறந்தேன். கூறை வைத்தபடியே இருந்தது. ஊசி குத்திய துண்டும் மேலே. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவடிக்கு நடந்தேன். புறப்பட்டிருக்கவேண்டும். ஆனால் கை பழகின கை. வெளிச்சம் கண்டதும் சேலையை ஒரு கையிலும் துண்டை மறு கையிலும் பிடித்துப் பார்த்தேன்.

துண்டு கத்தரிப்பூ நிறம் அடித்தது.

அரக்குக்குப் பக்கத்தில் அது வேறு வீட்டுத் துணி. அம்மாவுக்கு ஒரு கிலோமீற்றர் தூரத்தில் தெரியும். இது எங்கே, எப்போது, எந்த அவசரத்தில் வெட்டினாய் என்று கேட்கத் தொடங்கினால் எல்லாம் வெளியே வரும். திரும்ப உள்ளே போனேன்.

"எடி, எங்கை போறாய்?"

"நிறம் சரியில்லை அக்கா."

"என்ன?"

"பிளவுஸ் நிறம். மாத்தவேணும்."

"கடவுளே, இவளுக்கு இண்டைக்குத்தான் பயம் விட்டுப்போகவேணுமோ" என்றார் அக்கா. தூரத்தில் ஹெலிச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

அரக்கு நிறச் சுருள்கள் மூன்றாவது தட்டில், இடப்பக்கம். கண்ணை மூடிக்கொண்டும் எடுப்பேன். ஒன்றைத் தூக்கிக்கொண்டு கதவடிக்கு ஓடினேன். கடுமை கூட. போட்டுவிட்டு இரண்டாவது. சிவப்பு அடித்தது. ஹெலிச் சத்தம் கிட்ட வந்தது. மூன்றாவது சுருளைத் தூக்கும்போது அக்கா என்ன செய்கிறார் என்று பார்த்தேன். தன் பகுதியில் குந்தியிருந்து, கொட்டிக் கிடந்த சப்பாத்துகளைச் சோடி சேர்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் என்ன செய்யிறியள்?"

"உனக்கென்ன? எல்லாம் சோடி மாறிக் கிடக்கு" என்றார், தலை நிமிராமல்.

மூன்றாவது சரி. வெயிலில் சரியாக மூன்று மூச்சு விட்டுப் பார்த்தேன். கூறையும் துணியும் ஒன்று. மேசையில் கயிற்றில் தொங்கிய கத்தரியால், முழக் கணக்கில் ஒரு பிடி கூடவே வைத்து வெட்டினேன். கொட்டில் விழுந்த மாதிரி எங்கோ ஒரு சத்தம்; கூரையிலிருந்து மண் கொட்டியது. அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். வெளியே வந்து கதவைப் பூட்டினேன். பத்து அடி போய்த் திரும்பி ஓடிவந்து பூட்டை இழுத்துப் பார்த்தேன். அக்கா சைக்கிளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று பின்னேரமே திறப்பைக் கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்தேன். கண்ணாடிச் சாமான் போனதைச் சொன்னேன், கூரையைச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"பூட்டினனியோ?"

"ரெண்டு தரம் பாத்தனான் ஐயா. அண்டைக்கு வாசல் காட்டாமல் வெட்டியிட்டன், நிறம் பிழைச்சுப் போச்சு. இண்டைக்குக் காட்டித்தான் வெட்டினனான்."

அவர் திறப்பைத் திரும்பச் சாவிக்கொத்தில் கோத்தார். "அது காணும்" என்றார்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. மண்டபம் இல்லை, மேளம் குறைவு. புத்தூரில் பெண் வீட்டு முற்றத்தில், காலை முகூர்த்தம். தட்டில் கூறையை ஏந்திக்கொண்டு போனபோது விழுந்துவிடுமோ என்று பயம். விழவில்லை. கூறை உடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தாள். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். நான் பிளவுஸின் கையைப் பார்த்தேன். முற்றத்தில் நல்ல வெயில். சேலை எங்கே முடிகிறது, பிளவுஸ் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை.

அம்மா என் காதடியில் குனிந்தார். "நல்ல பொருத்தமாய்க் கிடக்கு. எங்கை எடுத்தனி?"

"எங்கடை கடையிலை."

"அது பூட்டி எவ்வளவு காலம்."

"ஓமம்மா" என்றேன், "பூட்டிப்போட்டுத்தான் வந்தனான்."

அம்மாவுக்கு விளங்கவில்லை. மேளம் தொடங்கிவிட்டதால் திருப்பிக் கேட்கவும் இல்லை. கடை பிறகு திறக்கவே இல்லை. கொஞ்ச நாளில் மிச்சக் கூரையும் விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் அண்ணைக்குப் பின்னால் போய், தாலி முடிச்சுக்கு விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.